ஜவ்வு தைத்த மணிக்கட்டுக்கு எந்த ஸ்பிளின்ட்?

நேயர்களுக்கு வணக்கம். கையில் அறுவைச் சிகிச்சை முடிந்து வருபவர்களுக்கு ஸ்பிளின்ட், அதாவது கையை அசையாமல் பிடிக்கும் தாங்கி, செய்து மாட்டிப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மணிக்கட்டு ஜவ்வைத் தைத்துக்கொண்டு வருகிறவர்கள் பலரும் கேட்பது இதுதான்: "மெடிக்கல் ஷாப்பில் பெல்ட் விற்கிறதே, அதை மாட்டிக்கொண்டால் போதாதா?" எந்த ஜவ்வு என்று தெரியாமல் அதற்கு நான் பதில் சொல்வதில்லை.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக இருக்கின்றன. முன்கையை ஒட்டிய வரிசையில் படகு போல ஒன்று, அதன் பக்கத்தில் பிறை போல ஒன்று. கையை ஊன்றி விழும்போது இந்த இரண்டையும் பிணைக்கும் ஜவ்வு கிழிவதுண்டு. அதைத் தைத்தபின் எலும்புகள் விலகாமலிருக்க, பெரும்பாலும் கம்பியும் செருகிவிடுவார்கள். இதற்கு முன்கையிலிருந்து உள்ளங்கை வரை பிடிக்கும் ஸ்பிளின்ட் போதும். சிலருக்குக் கட்டைவிரலின் அடியையும் சேர்த்துப் பிடிக்கச் சொல்வார் மருத்துவர். ஸ்பிளின்டின் விளிம்பு, உள்ளங்கையில் விரல்களை ஒட்டி ஓடும் ரேகையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் விரல்களை மடக்க முடியாது, அவை விறைத்துப்போகும்.

விரலை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஆனால் பந்தைப் பிசையாதீர்கள். பார்க்க வரும் சொந்தக்காரர்கள் அன்போடு ஒரு பந்தை வாங்கிக் கொடுத்துவிடுவார்கள்! இறுக்கிப் பிடிக்கும்போது அடுத்த வரிசையின் நடு எலும்பு ஆப்பு மாதிரி அந்த இரண்டுக்கும் நடுவில் இறங்கும். தைத்த இடம்தான் அந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும்.

சுண்டுவிரல் பக்கத்து ஜவ்வு என்றால் கதையே வேறு. திருநீறு வாங்கக் கையை ஏந்துங்கள். இப்போது அப்படியே கவிழ்த்துப் பாருங்கள். மணிக்கட்டு மடங்கவே இல்லை, முன்கைதான் உருண்டது. அந்த உருளலைத் தாங்குவது இந்த ஜவ்வு. கடை பெல்ட்டால் அதைத் தடுக்க முடியாது. என்னிடம் வந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் பெல்ட்டை நம்பி, மூன்றாம் வாரமே ஆக்ஸிலேட்டரை முறுக்கத் தொடங்கியிருந்தார். வலி திரும்பியபின்தான் வந்தார். முழங்கைக்கு மேல் ஏறிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் அவருக்கு முதல் நாளிலிருந்தே தேவைப்பட்டது. அதைப் பார்த்ததும், "இவ்வளவு பெரிசா?" என்றார். ஆமாம், அவ்வளவு பெரிசுதான் வேண்டும்.

மாவுக்கட்டா, கழற்றி மாட்டுவதா? வீக்கம் வடியும்வரை, கையை முழுதும் சுற்றாத பாதி மாவுக்கட்டு. பிறகு ஆளைப் பார்த்துத்தான் சொல்வேன். கழற்றக்கூடியது இருந்தால் தோலையும் கம்பி வெளியே வரும் இடத்தையும் தினம் பார்க்கலாம்; வியர்வைக்கும் நல்லது. ஆனால் குளிக்கும்போது, சமைக்கும்போது, "ஒரு நிமிஷம்தானே" என்று கழற்றிவிடும் ஆளுக்கு முழு மாவுக்கட்டே பாதுகாப்பு. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

நாங்கள் வார்க்கும் பிளாஸ்டிக் சுமார் 65–70 டிகிரி வெந்நீரில் இளகுவது. வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை வைத்தால் கோணிவிடும். வெந்நீரில் கழுவாதீர்கள். உள்ளே பருத்தி உறை போட்டுக்கொள்ளுங்கள், தினம் மாற்றுங்கள். விரல் மரத்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, அழுந்திய சிவப்புத் தடம் அரை மணி நேரமாகியும் மறையாவிட்டாலோ, அடுத்த முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். அன்றே வாருங்கள்.

வணக்கம்.