தலைக்குந்தா பிரிவு

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டியில் கூடலூர் பஸ் ஏறினால் ஏழெட்டு கிலோமீட்டரில் கண்டக்டர் "தலைக்குந்தா இறங்கு" என்று குரல் கொடுப்பார். இறங்கினால் எதிரே ரோடு இரண்டாகப் பிரியும். ஒன்று பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூருக்குப் போகிறது. வலப்பக்கம் திரும்புவது கல்லட்டி மலைப்பாதையில் மசினகுடிக்கு இறங்குகிறது. இரண்டும் தெப்பக்காட்டில் மறுபடி சந்தித்து மைசூர்ப் பக்கம் போய்விடும். அந்தப் பிரிவில்தான் நான் வளர்ந்தேன். அப்பாவுக்கு அங்கே டீக்கடை.

தோடர்களின் மந்து என்ற குடியிருப்புகளும் படுகர்களின் ஹட்டி என்ற ஊர்களும் இந்தப் பக்கம் எங்களுக்கு வெகுகாலம் முன்பே இருந்தவை. கல்லட்டி என்ற பெயரிலேயே ஹட்டி ஒளிந்திருக்கிறது. நான் சொல்வது பிரிவை ஒட்டிப் பிறகு வந்த கடைகளையும் லைன் வீடுகளையும் பற்றி. இவை ஏன் இங்கே முளைத்தன என்று என்னைக் கேட்டால், ரேடியேட்டர் கொதித்ததால் என்பேன்.

கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏறியாக வேண்டும். அந்தக் காலத்து அம்பாசடரும் லாரியும் முதல் கியரிலேயே முனகிக்கொண்டு மேலே வரும். வந்ததும் கடை முன்னால் பானெட்டைத் தூக்கிவிட்டு நிற்கும். அப்பா ஈரச் சாக்கோடு போவார். எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டரின் மூடியைச் சாக்கால் அமுக்கிக் கால் சுற்று திருப்புவார். "புஸ்"ஸென்று ஆவி அடங்கும்வரை முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். அப்புறம்தான் முழுசாகத் திறப்பார். உடனே பச்சைத் தண்ணீர் ஊற்றவிடமாட்டார். "கொஞ்சம் ஆறட்டும் அண்ணா, அதுவரைக்கும் ஒரு டீ சாப்பிடுங்க." அந்தக் கால் மணி நேரம்தான் எங்கள் சோறு. டீக்குப் பின்னால் பன், பன்னுக்குப் பின்னால் பஞ்சர் கடை, பெட்டிக்கடை, மெக்கானிக் என்று வந்தது.

இறங்குகிறவர்களுக்கு அப்பா இலவசமாக ஒரு பாடம் வைத்திருந்தார். "எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்ல இறங்குங்க. பிரேக்கை மிதிச்சுக்கிட்டே போகாதீங்க, லைனிங் கருகிரும்." தலையாட்டிவிட்டுப் போவார்கள். எல்லோரும் கேட்டார்களா என்றால், இல்லை. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் ஒன்று பள்ளத்தில் கவிழ்ந்து உயிர்கள் போயின. அதன் பிறகு வெளியூர் வண்டிகள் கல்லட்டியில் இறங்கத் தடை வந்தது. ஏறி வரலாம். இறங்க வேண்டுமென்றால் டி.என். 43, அதாவது நம் ஊட்டிப் பதிவு வண்டியாக இருக்க வேண்டும்.

தடை சரியானதுதான். ஆனால் பிரிவின் குணமே மாறிப்போனது. முன்பு "எப்படிப் போகணும்?" என்று கேட்டவர்கள் இப்போது "ஏன் விடமாட்டேங்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். போலீஸ்காரர் ஒருமுறை சொல்வார். நம்பாமல் டீக்கடையில் வந்து இரண்டாம் முறை கேட்பார்கள். மொபைலில் மேப் கல்லட்டி வழியைத்தான் குறுக்கு என்று காட்டுகிறது. அதைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்காரனிடம் வாதம் செய்வதில் என்ன பயன் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

இதில் மாலை நேரம்தான் கஷ்டம். மைசூருக்குப் போகும் பந்திப்பூர்க் காட்டு வழியை 2009 முதல் இரவு ஒன்பது மணியிலிருந்து காலை ஆறுவரை மூடுகிறார்கள். ஏழு மணிக்கு ஒரு மைசூர் குடும்பம் பிரிவுக்கு வந்தால் கூடலூர் சுற்றி ஒன்பதுக்குள் எல்லைக்குப் போக முடியாது. பின் சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். அவர்களுக்கு அறை பிடித்துக் கொடுக்கிற வேலையும் எங்கள் ஊருக்கு இப்படித்தான் வந்தது. கொதித்த ரேடியேட்டர் போய், தவறவிட்ட கேட்!

ஊரை வளர்த்தது ரோடு மட்டும் என்று சொன்னால் இந்துநகர்க்காரர்கள் கோபிப்பார்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊட்டிக்கும் பிரிவுக்கும் நடுவே, இந்துநகரில், இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பிலிம் தொழிற்சாலை. 1960-ல் தொடங்கிய நிறுவனம், 1967-ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' என்ற பெயரில் பிலிம் போன காலத்தில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்கள் எங்கள் கடையில் கணக்கு வைத்துக் குடித்தார்கள். படம் பிடிக்க பிலிமே வேண்டாம் என்ற காலம் வந்தது. தொழிற்சாலை மூடிக் கிடக்கிறது. அப்பாவின் கணக்கு நோட்டில் சில பெயர்களுக்கு நேரே இன்னும் பாக்கி நிற்கிறது. அவர்களில் ஓரிருவர் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே வீடு கட்டிக்கொண்டார்கள். தினமும் பார்த்துக்கொள்கிறோம். பாக்கியைப் பற்றி அவர்களும் பேசுவதில்லை, நாங்களும் பேசுவதில்லை.

டிசம்பர், ஜனவரியில் எங்கள் ஊர்ப் பெயர் பேப்பரில் வரும். "தலைக்குந்தாவில் உறைபனி" என்று. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கிவிடும். காமராஜ் சாகர் அணையை ஒட்டிய இந்தத் தாழ்வான புல்வெளிதான் அதற்குத் தோதான இடம். விடியற்காலை ஐந்தரைக்குக் கடை திறக்கும்போது பெஞ்சின் மேல் உப்புத் தூவியது போல வெள்ளை. அம்மா பழைய துணியால் துடைக்க மாட்டார், துடைத்தால் ஈரமாகிவிடுமாம். விறகடுப்பில் கனலும் கரியை ஒரு தட்டில் எடுத்துவந்து பெஞ்சுக்கு அடியில் வைப்பார். முதல் கூடலூர் பஸ் வருவதற்குள் பெஞ்சு காய்ந்து, உட்கார்ந்தால் கதகதவென்று இருக்கும். டிரைவர் அதற்காகவே இரண்டு நிமிடம் அதிகம் நிற்பார்.

இப்போது பெஞ்சுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலி. கரித்தட்டை அடியில் வைக்க முடியாது. தம்பிதான் கடையைப் பார்க்கிறான். "வெளியூர் வண்டி வலது பக்கம் இறங்க அனுமதி இல்லை" என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறான். ஆனால் அதைப் படித்துவிட்டும் வண்டியை நிறுத்தி உள்ளே வந்து கேட்கத்தான் செய்கிறார்கள். அட்டையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டேன். "இருக்கட்டும் அக்கா, கேக்க வர்றவங்க பாதிப் பேர் டீ குடிச்சிட்டுத்தான் போறாங்க" என்றான்.

வணக்கம்.