ஏப்ரலில் பெய்யாத மழை

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையின் ஏப்ரல் மாதம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஓர் ஆய்வு மாணவியின் கணக்குப்படி, முப்பது ஏப்ரல் மாதங்களிலும் ஒரு நாள் தவறாமல் இந்த நகரத்தில் மழை பெய்திருந்தது. நாளொன்றுக்குக் குறைந்தது ஒரு மில்லிமீட்டர்! "சார், ஆர் சரியாக வேலை செய்யவில்லை" என்றார். இரண்டு வாரமாக அதனோடு மல்லாடியிருக்கிறார். கேட்டால் சிரிப்பார்களோ என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஆர் என்பது புள்ளியியலுக்கான நிரல்மொழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாகா, ராபர்ட் ஜென்டில்மன் என்ற இருவர் உருவாக்கியது. 1995இல் அதை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். முதல் முழுப் பதிப்பு 2000ஆம் ஆண்டு பிப்ரவரி 29 அன்று வந்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளென்றால் விற்றவரைத் தொலைபேசியில் பிடித்துக் கேட்கலாம். இங்கே உதவுகிறவர்கள் பெரும்பாலும் தம் சொந்த வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்குகிறவர்கள். அதனால்தான் எப்படிக் கேட்கிறோம் என்பது இவ்வளவு முக்கியமாகிறது.

பள்ளியில் வினா ஆறு வகை என்று படித்திருப்பீர்கள். அதில் அறியா வினா ஒன்று, ஐய வினா ஒன்று. "இதற்குப் பொருள் என்ன?" என்பது முதல் வகை. "அங்கே கிடப்பது பாம்பா, கயிறா?" என்பது இரண்டாவது. புதிதாகக் கற்பவர்கள் அனுப்பும் கேள்விகளில் பெரும்பாலானவை அறியா வினாக்கள். "சராசரி வரவில்லை, என்ன செய்வது?" என்று ஒரு வரி, அதனுடன் கைப்பேசியில் எடுத்த கணினித் திரையின் மங்கலான படம். படத்திலிருக்கும் கட்டளையை நான் என் கணினியில் ஓட்டிப் பார்க்க முடியாது. பிழைச்செய்தியின் பாதி படத்துக்கு வெளியே போயிருக்கும். உதவ மனமிருந்தும் கை கட்டப்பட்டுவிடுகிறது.

அந்த மாணவியிடம் ஏறத்தாழ 11,000 நாட்களின் மழை அளவு இருந்தது. "தவறு தெரியும்படி எட்டே எட்டு வரிசையில் எனக்குக் காட்டுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். கோபம் வந்திருக்கும். உதவி கேட்டு வந்தவருக்கு வீட்டுப்பாடம் கொடுத்தால் யாருக்குத்தான் வராது?

முதல் எட்டு வரிசையை எடுத்துப் பார்த்திருக்கிறார். கணக்குச் சரியாக வந்தது! அடுத்த எட்டிலும் தவறில்லை. பிறகு கோப்பைப் பாதியாக வெட்டி, தவறு எந்தப் பாதியில் வருகிறதோ அதை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி வெட்டியிருக்கிறார். இப்படிப் பத்துப் பதினொரு முறை வெட்டினால் 11,000 வரிசை எட்டுப் பத்தாகச் சுருங்கிவிடும். கடைசியில் மிஞ்சிய வரிசைகளில், எண் இருக்க வேண்டிய ஒரு கட்டத்தில் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்து இருந்தது. அளக்க முடியாத அளவுக்குச் சிறு தூறல் என்பதன் குறி அது.

ஒரே ஓர் எழுத்து இருந்தாலும் அந்த நெடுவரிசை முழுவதையும் ஆர் எழுத்தாகவே படிக்கும். அவர் பயன்படுத்தியது பழைய பதிப்பு. 2020இல் வந்த 4.0 பதிப்புக்கு முன்பெல்லாம், எழுத்தாக இருப்பதை ஆர் தானாகவே ஃபேக்டர் என்ற வகையாக மாற்றிவிடும். அதாவது, வெவ்வேறு மதிப்புகளை அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் அடுக்கி 1, 2, 3 என்று வரிசை எண் கொடுக்கும். அதைத் திரும்ப எண்ணாக மாற்றச் சொன்னால் கிடைப்பது மழை அளவல்ல, அந்த வரிசை எண். பட்டியலில் முதலில் நிற்பது பூஜ்யம், அதன் வரிசை எண் ஒன்று. மழையே இல்லாத ஏப்ரல் நாட்களில் ஒரு மில்லிமீட்டர் பெய்தது இப்படித்தான். பிழைச்செய்தி எதுவும் வராமல் நடக்கும் இந்தத் தவறுதான் எனக்கு மிகவும் அச்சமூட்டுவது.

தரவை வெளியே காட்டக் கூடாதவர்களும் உண்டு, மருத்துவ ஆய்வு செய்பவர்களைப் போல. அவர்களுக்காக ஆரிலேயே மாதிரித் தரவுகள் இருக்கின்றன. 'ஏர்குவாலிட்டி' என்பதில் 1973ஆம் ஆண்டு நியூயார்க்கின் 153 நாட்கள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் 37 நாட்களுக்கு ஓசோன் அளவு இல்லை. விடுபட்ட மதிப்புகளால் சராசரி வராத சிக்கலை அதை வைத்தே யாருக்கும் காட்டிவிடலாம். உங்கள் நோயாளியின் பெயர் ஒன்றும் வெளியே போகாது. ஆங்கிலத்தில் எழுதக் கூசுகிறவர்களுக்கும் இது பெரிய துணை. கட்டளை வரிகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். தவறை அப்படியே வரவழைக்கும் நான்கு வரி, வந்த பிழைச்செய்தி முழுவதும், எதை எதிர்பார்த்தீர்கள் என்று ஒரு வாக்கியம், பதிப்பு எண். இவ்வளவு போதும்.

அந்த மாணவி மறுநாள் எட்டு வரிசையோடு வந்தார். தவறை அவரே கண்டுபிடித்துவிட்டதால் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கையில் புதிய கேள்வி ஒன்று இருந்தது. "சார், இந்தத் தூறலைப் பூஜ்யமாக எடுத்துக்கொள்வதா, மிகச் சிறிய ஓர் எண்ணாக எடுத்துக்கொள்வதா?" அசல் ஐய வினா. மழையை அளப்பவர்களைக் கேளுங்கள் என்றேன். அந்த எட்டு வரிசையை ஒரு தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு நுங்கம்பாக்கம் வானிலை மையத்துக்குப் புறப்பட்டார்.