அதே அலை, ரெண்டு கரை

எல்லாருக்கும் வணக்கம், பசியாறிட்டீங்களா? நான் மலேசியாவுல, பினாங்குல ஒரு சின்ன தமிழ் சபைக்கு பாஸ்டரா இருக்கேன். உள்ளூர்லயும் வெளிநாட்டுலயும் செஞ்ச ஊழியத்தைப் பத்தி பேசுங்கன்னு கூப்பிட்டாங்க, கேட்டதுமே எனக்கு சுனாமி வந்த 2004 டிசம்பர் 26தான் ஞாபகம் வந்துச்சு.

கிறிஸ்மசுக்கு மறுநாள், ஞாயித்துக்கிழமை. காலையில ஒன்பது மணி வாக்குல லேசா ஆட்டம், மாடி பிளாட்ல இருந்தவங்கல்லாம் பயந்து கீழ இறங்கிட்டாங்க, அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு அவங்கவங்க வேலையைப் பார்க்கப் போயாச்சு. மத்தியானம் ஒரு மணிக்கு மேலதான் அலை வந்துச்சு. சுமத்ரா குறுக்க கிடந்ததால நேரடி அடி நமக்கு விழல, அந்தத் தீவோட வடக்கு முனையைச் சுத்திக்கிட்டு வந்த அலைதான், அதுக்கே பினாங்குல மட்டும் 52 பேர் போயிட்டாங்க, பாசிர் பாஞ்சாங் கடற்கரையில லீவு நாளுன்னு குளிக்கப் போன குடும்பங்க எல்லாம் அதுல இருக்கு. அதே அலை நமக்கு முன்னாடியே நாகப்பட்டினத்தை அடிச்சிருந்துச்சு, அந்த ஒரு மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல.

டிவியில நாகையைப் பார்த்துட்டு எங்க சபையே அழுதுச்சு, எங்கள்ல பாதிப் பேரோட தாத்தா பாட்டி அந்தத் துறைமுகத்துலதான் கப்பல் ஏறினாங்க. ஒரே வாரத்துல துணி சேர்த்தோம், காசு சேர்த்தோம், ஜனவரியில நாலு பேர் கிளம்பிட்டோம்.

நாகைக்குப் பக்கத்துல இருக்குற மீனவ கிராமம் அக்கரைப்பேட்டைக்குப் போற வழியில ரோட்டோரமா துணி, குவியல் குவியலா கிடக்கு. நம்மள மாதிரி எத்தனையோ பேர் மனசு இரங்கி அனுப்புன பழைய துணி, மண்ணுல கிடந்து மக்குது, ஆடு அதுமேல படுத்திருக்கு. எங்க கையிலயும் மூட்டை. அங்க ஒரு அம்மா, ரெண்டு பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்தவங்க, மூட்டையைப் பார்த்தாங்க, "துணி வேணாங்க ஐயா, செத்த உக்காருங்க"ன்னாங்க. பக்கத்துக் கூடாரத்துல கிளாஸ் கடன் வாங்கி டீ போட்டுக் கொடுத்தாங்க. பிள்ளைங்க பேரைச் சொல்லிச் சொல்லி பேசினாங்க, ரெண்டு மணி நேரம் இருக்கும், நான் வாயைத் திறக்கல, ஜெபம் பண்ணட்டுமான்னுகூட கேக்கல. ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன்ல சபையாரோட காலைக் கழுவிவிடுறது எனக்கு லேசா வரும், இயேசு காலைக் கழுவ வந்தப்ப சீஷர் பேதுரு ஏன் முதல்ல காலை நீட்ட மாட்டேன்னாருன்னு அந்த டீயைக் கையில வாங்கினப்பதான் புரிஞ்சுது. கொடுக்குறதைவிட வாங்கிக்கிறது அவ்ளோ கஷ்டம்.

திரும்பி வந்து ஏர்போர்ட்ல இருந்து வீட்டுக்குப் போறப்பதான் மனசு குத்துச்சு, இந்தத் தீவுலயே பாலிக் பூலாவ் பக்கம் அதே அலையில படகு போன மீனவங்க இருக்காங்க, வீட்டுல இருந்து முக்கால் மணி நேரம், நான் அங்க எட்டிக்கூடப் பார்க்கல. அவங்க மலாய்க்காரங்க, சீனவங்க, நம்ம சபை ஆளுங்க இல்லைங்கிற நெனப்பு உள்ள இருந்திருக்கு, அது தப்பு, வேற எப்படிச் சொல்றது.

அடுத்த சனிக்கிழமையே சபை வேன்ல அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு போனேன். ஒரு பாச்சேக், வயசான மலாய்க்காரர், திண்ணையில உக்காந்து வலையைப் பிரிச்சிட்டு இருந்தாரு. இந்த முறை முதல்ல கேட்டேன், என்ன வேணும்னு. அரிசி நிறைய வந்துருச்சு, படகு இஞ்சின்ல உப்புத்தண்ணியும் சேறும் ஏறிப்போச்சு, கடைக்குக் கொண்டு போக வண்டி இல்லைன்னாரு. மூணு பேர் சேர்ந்து தூக்கி வேன்ல வெச்சோம். அன்னிக்கு சீட்டுல பட்ட கிரீஸ் கறை அந்த வேனை விக்கிற வரைக்கும் போகல, நானும் அழுத்தித் தேய்க்கல.

அதுக்கப்புறமும் வெளிநாட்டுக்குப் போயிருக்கேன், போறது தப்பில்ல, கூப்பிட்டா இன்னும் போவேன். ஆனா பத்து நாள் ஊழியம் பத்து நாள்ல முடிஞ்சுடும், மாலை போட்டு போட்டோ எடுத்து அனுப்பி வெச்சிடுவாங்க. இங்க ஊழியம் அப்படி முடிஞ்சு போறதில்ல. எங்க சபையில ஒரு ஆன்ட்டிக்கு இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, முத்தி கிட்னி போயிருச்சு, வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம், அது ஒரு மாசத்தோட நிக்கிற வேலை இல்ல, வருஷக்கணக்கு. விடியக்காலை அஞ்சரைக்கு பிளாட் கீழ கார் நிக்கணும், லிஃப்ட் கெட்டுப்போனா நாலு மாடி அவங்களைப் பிடிச்சு இறக்கணும். திரும்பி வரும்போது பேச்சே இருக்காது, அவ்ளோ அசதி, கண்ணாடியில தலையைச் சாய்ச்சிட்டு வருவாங்க. ஒரு நாளைக்கு இவ்ளோதான்னு தண்ணியை அளந்து குடிக்கிற அந்த மனுஷி காலையில கார்ல ஏறினதும் என்கிட்ட கேக்குறது ஒண்ணே ஒண்ணு, "பசியாறிட்டீங்களா பாஸ்டர்?" பையில எனக்குன்னு ஒரு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோத்துப் பொட்டலம் இருக்கும். வாங்கிக்கிறேன், இப்ப வேணாம்னு சொல்றதில்ல.

செவ்வாய், வியாழன் நான் பார்த்துக்கிறேன். சனிக்கிழமைதான் எனக்கு கல்யாணம், அடக்கம்னு ஏதாவது வந்துடுது, அந்த ஒரு நாளைக்கு ஆள் தேடிட்டு இருக்கேன். எங்க சபை ஆளா இருக்கணும்னு இல்ல, எந்தக் கோயிலுக்குப் போறவங்களா இருந்தாலும் சரி, லைசென்ஸ் இருக்கணும், அஞ்சரைக்கு முன்னாடியே எந்திரிக்கத் தெரியணும்.