ஓடாத வண்டிக்கும் ஆயில் மாற்ற வேண்டுமா?

வணக்கம் மக்களே. பின்னால் கேட்கிற விசில் பக்கத்து வீட்டு குக்கர், அதைக் கண்டுகொள்ளாதீர்கள். இன்று நம் வண்டியின் பானட்டைத் திறக்கப் போகிறோம். கொஞ்சம் சீக்கிரமாக முடிக்க வேண்டும். வண்டி சம்ப் மூடிமேல், அதாவது அடுக்ககத்தின் தரையடித் தண்ணீர்த் தொட்டி மூடிமேல் நிற்கிறது. தண்ணீர் லாரி வந்துவிட்டால் எடுக்கச் சொல்லிவிடுவார்கள்.

முதலில் இந்த ஓடோமீட்டரைப் பாருங்கள். 41,300. வண்டி 2016 ஆல்டோ 800. வருடத்துக்கு ஐயாயிரம் கிலோமீட்டர்கூட முழுசாக ஓடவில்லை. "ஓடவே ஓடாத வண்டிக்கு என்னடா சர்வீஸ்?" என்று என் மாமா கேட்கிறார். நானும் முதல் சில வருடங்கள் அப்படித்தான் இருந்தேன். பத்தாயிரம் வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று விட்டால் இரண்டு வருடம் போய்விடும்.

வளசரவாக்கத்திலிருந்து வடபழனிக்கு நான் வேலைக்குப் போகிறேன். ஐந்து கிலோமீட்டர் இருக்கும். மெட்ரோ வேலை உச்சத்தில் இருந்தபோது ஆற்காடு சாலையில் அதற்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. அந்த முக்கால் மணி நேரமும் இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது, ஏசியும் ஓடியது. ஓடோமீட்டரில் ஏறியது ஐந்துதான். பெரும்பாலான வண்டிகளின் கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனியாக ஓர் அட்டவணை இருக்கும். தூசி, அடிக்கடி குறுகிய தூரம் போவது எல்லாம் அதில் வரும். ஏதோ மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு எழுதியது என்று நினைத்திருந்தேன். நமக்கு எழுதியதுதான்.

சரி, ஆயில். வண்டி சமதளத்தில் நிற்கட்டும், இன்ஜினை நிறுத்திச் சில நிமிடம் ஆகட்டும். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை, அதாவது டிப் ஸ்டிக்கை எடுத்து, துடைத்து, மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிக்கும் நடுவில் இருக்கிறது, போதும். இப்போது ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். இன்று சுத்தமாக இருக்கிறது. ஒரு மழைக்காலத்தில் இங்கே மோரில் ஒதுங்கிய வெண்ணெய் மாதிரி படிந்திருந்தது. பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு வருவது இரண்டு கிலோமீட்டர். ஆயில் சூடாவதற்குள் இன்ஜினை அணைத்துவிடுகிறோம். உள்ளே சேர்கிற ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகிப் போக நேரமில்லாமல் ஆயிலிலேயே தங்கிவிடுகின்றன. அதனால் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் வருடத்துக்கு ஒருமுறை ஆயிலும் பில்டரும் மாற்றிவிடுகிறேன். ஒரு விஷயம். அந்த வெண்ணெயோடு, இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் அது ஈரம் மட்டும் இல்லை, ஆயிலும் கூலன்ட்டும் கலக்காமல் தடுக்கிற ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கூலன்ட் பற்றி ஒரு வரி. சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள், போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். நம் ஏரியா போர் தண்ணீர் பக்கெட்டிலேயே வெள்ளை வெள்ளையாக உப்புப் படிய வைக்கிறது, ரேடியேட்டரில் சும்மா இருக்குமா?

அடுத்தது பேட்டரி. என்னை நடுத்தெருவில் நிறுத்தியது இதுதான். இரவு எட்டு மணி, மழை. ஹெட்லைட், வைப்பர், ஏசி மூன்றும் ஓட, நெரிசலில் வண்டி நகரவில்லை. வண்டி நின்றபடி இன்ஜின் ஐடிலில் ஓடும்போது, பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டர் தருகிற மின்சாரம் கம்மி. எடுக்கிறதோ அதிகம். இப்படியே பல வாரம் போனது. ஒரு நாள் கடைவாசலில் வண்டியை அணைத்தேன், திரும்பி வந்தால் செல்ஃப் எடுக்கவில்லை. டக், டக், அவ்வளவுதான். இது சின்ன பேட்டரி, 35 ஆம்பியர் ஹவர். மூன்று நான்கு வருடம் உழைத்தால் நன்றாக உழைத்ததாக வைத்துக்கொள்ளலாம்.

இங்கே டெர்மினலில் வெளுத்த பச்சையாகப் பூத்திருக்கிறது, பாருங்கள். ஸ்பேனரால் முதலில் நெகட்டிவைக் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். வெந்நீர் ஊற்றித் தேய்த்தால் போய்விடும். நன்றாகக் காயவிட்டு, மாட்டியபின் கொஞ்சம் வாஸ்லைன் தடவுங்கள். பார்க்கிங்கிலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். அதில் ஆயிலும் காயாது, பேட்டரியும் நிறையாது. நான் ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரவாயல் பைபாஸில் அரை மணி நேரம் போய் வருகிறேன். வீட்டில் கேட்டால் வண்டிக்காக என்று சொல்கிறேன். வழியில் டீக்கடை இருப்பது வேறு விஷயம்.

டயருக்கு வருவோம். கேமராவைக் கீழே இறக்குகிறேன். 145/80 ஆர்12, சின்ன சக்கரம். பள்ளத்தில் இறங்கினால் அடி நேராக ரிம்முக்குப் போகும். அதனால் காற்று சரியாக இருக்க வேண்டும். எவ்வளவு என்பது டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். இந்தப் பக்கம் நாலு எண், 1822. 2022-இன் 18ஆவது வாரம் தயாரித்த டயர் என்று அர்த்தம். போன மாதம் ஸ்டெப்னியை எடுத்துப் பார்த்தேன். வண்டியோடு வந்தது, 2016. ஒருநாள்கூட ரோட்டைப் பார்க்காத டயர், புதுசுக்கு இருக்கிற ரப்பர் முள்கூட உதிரவில்லை. ஆனால் பக்கவாட்டில் விரல் வைத்து அழுத்தினால் காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. காற்றும் துளிகூட இல்லை.

ஏர் பில்டரைத் திறந்தேன், மெட்ரோ தூண் பாதி அதற்குள் இருந்தது. கழுவாதீர்கள், அது காகிதம். லேசாகத் தட்டலாம், கறுத்துவிட்டால் மாற்றிவிடுங்கள். சில நூறு ரூபாய்தான்.

பிரேக்கில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு நான்கு நாள் நிறுத்தினால் பின்னால் பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளமாக இருந்தால் கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல் வைத்துவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வண்டி நின்றாலும் உறிஞ்சும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்லுங்கள். இந்த 796 சிசி இன்ஜினுக்கு டைமிங் பெல்ட் என்று ஒரு ரப்பர் பட்டை வேறு இருக்கிறது, ஆல்டோ கே10 மாதிரி செயின் இல்லை. ரப்பருக்கு வயதும் கணக்கு, அதனால் அடுத்த சர்வீஸில் அதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம் எலி. சிரிக்காதீர்கள். மழை ஆரம்பித்தால் சூடான இன்ஜின்தான் அவற்றுக்கு வீடு. ஒரு முறை பானட்டைத் திறந்தால் பாதி தேங்காய்ச் சில்லு, பக்கத்தில் கடித்த ஒயர். புகையிலை வைத்தேன், நாப்தலின் உருண்டை கட்டினேன். அடுத்த வாரம் உருண்டையையும் காணோம். கடைசியில் வேலை செய்தது எளிய விஷயம்தான்: குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவதை விட்டேன், வாரம் இரண்டு முறை பானட்டைத் திறந்து பார்க்கிறேன். கண்ணாடிக்குக் கீழே இந்த ஓரத்தில் சேர்கிற புங்கை இலையையும் அள்ளிவிடுகிறேன். இலை அடைத்தால் மழைத் தண்ணீர் போக வழியில்லை.

இவ்வளவையும் செய்யச் சொல்லி ஒரு சர்வீஸ் சென்டருக்குப் போனேன். பெயர் வேண்டாம். ஆயில் மாற்றப் போனவனிடம் இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜின் டிரெஸ்ஸிங், அடியில் கோட்டிங் என்று ஒன்பதாயிரத்துக்கு எஸ்டிமேட் நீட்டினார்கள். டிரெஸ்ஸிங் என்றால் பானட்டுக்குள் பளபளவென்று ஏதோ அடிப்பது. எலிக்கு எதற்குப் பளபளப்பு? மூன்றையும் வேண்டாம் என்று தாளில் கோடு போட்டுவிட்டு, பிரேக் ஆயில் மாற்றுங்கள் என்றேன். அது அவர்கள் தாளிலேயே இல்லை.

ஹாரன் கேட்கிறதா? லாரி வந்துவிட்டது. கிளட்ச்சைப் பற்றிச் சொல்ல நினைத்தேன், சிக்னலில் பாதி மிதித்தபடி நிற்காதீர்கள், அவ்வளவுதான். வாட்ச்மேன் அண்ணன் கையைக் காட்டுகிறார். இருங்கண்ணா, பானட்டை மூடிவிட்டு எடுக்கிறேன்.