கொடுமுடி தந்த குரல்

எல்லோருக்கும் வணக்கமுங்க.

கே.பி.சுந்தராம்பாள் என்றால் நம்மில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது நெற்றி நிறையத் திருநீறும் வெள்ளைச் சேலையுமாக முருகனிடமே வாதாடும் ஔவைப் பாட்டிதான். அந்த வேடத்துக்கு முன்பே அவர் ஒரு முழு வாழ்க்கை வாழ்ந்து முடித்திருந்தார். நான் பேச வந்தது அதைப் பற்றி. நாடக மேடையில் உச்சத்தில் இருந்தவரைத்தான் சினிமா தேடிக்கொண்டு வந்தது.

பெயருக்கு முன்னால் நிற்கும் இரண்டு எழுத்துகளைப் பாருங்கள். கே, கொடுமுடி. பி, அவரைப் பெற்ற பாலாம்பாள். 1908இல் பிறந்தார். வறுமை வாட்டிய குடும்பம். பிள்ளைகளைக் காப்பாற்ற அந்த அம்மாதான் பாடுபட்டார். காவிரிக்கரை, மகுடேசுவரர் கோயில், சுந்தரர் பதிகம் பாடிய தலம் என்று கொடுமுடிக்குப் பெருமைகள் நிறைய உண்டு. அந்தக் குடும்பத்துக்குக் கை கொடுத்தது ஊர் வழியாகப் போன ரயில். ரயிலில் பாடிச் சில்லறை வாங்கிய சிறுமியின் குரலைக் கேட்டுத்தான் நாடகத்துக்கு வழி பிறந்தது என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். நல்லதங்காள் நாடகத்தில் பசிக்கு அழுகிற பிள்ளை வேடம். பசி எப்படி இருக்கும் என்று அந்தப் பிள்ளைக்கு யார் சொல்லித்தர வேண்டும்!

அந்தக் கால மேடையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கச் சொல்கிறேன். ஒலிபெருக்கி கிடையாது. கூட்டத்தின் கடைசியில் பாய் விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். விடிய விடியப் பாட வேண்டும். அதிலும் ஸ்பெஷல் நாடகம் என்றால் ராஜபார்ட் என்கிற கதாநாயகன் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் என்கிற கதாநாயகி வேறோர் ஊரிலிருந்து வருவார். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதெல்லாம் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணம் எல்லோருக்கும் மனப்பாடம். அதை வைத்துக்கொண்டு மேடையிலேயே பாட்டுக்குப் பாட்டு, பேச்சுக்குப் பேச்சு. வேலன் கேட்டதற்கு வள்ளி பதில் சொல்லத் தடுமாறினால் ஜனங்கள் விட மாட்டார்கள். சுந்தராம்பாளின் சொல் சுத்தத்தையும் மேல் ஸ்தாயியில் பிசிறு தட்டாத குரலையும் இன்றைக்கும் வியக்கிறோமே, அதெல்லாம் இப்படி இரவு இரவாகக் கண் விழித்துச் சம்பாதித்த சொத்து. பயிற்சிக்கூடம் என்று தனியாக ஒன்று அவருக்குத் தேவைப்படவில்லை.

இலங்கைக்கும் போனார். 1920களில் அங்கேதான் பாட்டிலும் நடிப்பிலும் பேர்போன நாடக நடிகர் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். கிட்டப்பாவின் அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசிக்க, இருவரும் மேடை ஏறினால் கொட்டகை நிரம்பி வழிந்தது. இசைத்தட்டுகளும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. கிட்டப்பா ஏற்கெனவே மணமானவர். இருந்தும் சுந்தராம்பாள் அவரைக் கணவராக வரித்துக்கொண்டார். அந்த உறவில் அவருக்குச் சந்தோஷத்தைவிட வேதனையே அதிகம் என்பது என் எண்ணம். 1933 டிசம்பரில் கிட்டப்பா இறந்தார். முப்பது வயதுகூட ஆகவில்லை. சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. இனி எந்த ஆணோடும் ஜோடியாக நடிப்பதில்லை என்றும் முடிவெடுத்தார்.

சரி, ஜோடி இல்லாமல் ஒரு கதாநாயகிக்கு என்ன வேலை என்று அன்றைக்குப் பலரும் நினைத்திருப்பார்கள். அம்மணி அதற்கும் ஒரு வழி கண்டார். மேடையில் ஆண் வேடம் போட்டுப் பழகியவர் ஆயிற்றே! நந்தனார் கதையைப் படமாக எடுக்க அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் வந்து கேட்டபோது, ஒரு லட்சம் ரூபாய் வேண்டும் என்றார். அவ்வளவு கேட்டால் தாமாகவே போய்விடுவார்கள் என்று நினைத்துக் கேட்டதாகச் சொல்வார்கள். அவர்கள் போகவில்லை, சம்மதித்துவிட்டார்கள். 1935இல் வெளிவந்த அந்தப் படத்தில் நந்தனாராகவே நடித்தார். சங்கீத வித்வான் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர் வேதியராக நடித்தார். அந்தக் காலத்து ஒரு லட்சம் என்பது நினைத்துப் பார்க்க முடியாத பணம். ரயிலில் சில்லறைக்குப் பாடிய பெண் தன் குரலுக்குத் தானே விலை சொன்னார் என்பதைப் பேசும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம் வருகிறது.

அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். தீரர் சத்தியமூர்த்தியோடு காங்கிரஸ் மேடைகளில் பாடினார். 1951இல் சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். 1953இல் ஜெமினியின் ஔவையார், 1964இல் பூம்புகாரில் கவுந்தியடிகள், அடுத்த ஆண்டு திருவிளையாடல். எல்லாமே ஜோடி தேவைப்படாத வேடங்கள்.

பின்னணிப் பாடகிக்கான தேசிய விருதை முதலில் வாங்கியவர் பி.சுசீலா. அதற்கு அடுத்த ஆண்டு, 1969ஆம் ஆண்டுக்கான விருது, துணைவன் படத்துக்காகச் சுந்தராம்பாளுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது.