செவிய்யாவில் கப்பல் ஏறிய ஒலி

நேயர்களுக்கு வணக்கம்.

ஸ்பானிய மொழியில் வீட்டுக்கு 'காஸா' என்று பெயர். மெக்சிகோக்காரர் வாயில் வேட்டையும் 'காஸா'தான். எழுத்தில்தான் வேறுபாடு: வீட்டுக்கு எஸ், வேட்டைக்கு இசட். ஸ்பெயினின் தலைநகர் மத்ரீதில் கேட்டால் இரண்டும் காதில் தனித்தனியாக விழும். வேட்டையைச் சொல்லும்போது அங்கே நாக்கு நுனியைப் பல்லிடுக்கில் வைத்துக் காற்றை விடுவார்கள். ஆங்கிலத்தில் 'தேங்க்ஸ்' சொல்லத் தொடங்கும்போது வருகிற ஒலி அது.

நான் கற்றது மத்ரீத் உச்சரிப்பு. பிறகு லத்தீன் அமெரிக்கர்களோடு பழகியபோது, 'இவர்கள் ஓர் ஒலியைத் தொலைத்துவிட்டார்களே' என்று நினைத்தேன். அது பெரிய தவறு.

1500 வாக்கில் அந்தப் பல்லிடுக்கு ஒலி மத்ரீதிலேயே கிடையாது. அந்த இடத்தில் 'த்ஸ' போன்ற ஒலி இருந்தது. அந்த நூற்றாண்டில் அது மாறத் தொடங்கியது. வடக்கே நாக்கு மெல்ல முன்னே நகர்ந்து இன்றைய ஒலி வந்தது. தெற்கே, அந்தலூசியாவின் செவிய்யா நகரில், அது பக்கத்திலிருந்த 'ஸ'வோடு கலந்துவிட்டது. அமெரிக்கப் பயணங்களையும் வணிகத்தையும் கவனிக்கும் அரசு அலுவலகம் 1503இல் அமைந்ததும் இதே செவிய்யாவில்தான். தொடக்கக் காலத்தில் கடல் கடந்தவர்களில் அந்தலூசியர்கள் ஏராளம். வழியில் கனரித் தீவுகள். அங்கும் இன்றுவரை 'ஸ'தான். ஆக, லத்தீன் அமெரிக்கர்கள் எதையும் தொலைக்கவில்லை. மத்ரீத் ஒலி உருவாகி முடிவதற்குள் அவர்களுடைய முன்னோர் கப்பல் ஏறிவிட்டார்கள்.

நாக்குத் தடுமாறும் ஒரு ராஜாவைப் பார்த்து அரசவையே அப்படிப் பேசப் பழகியது என்று ஒரு கதை உலவுகிறது. தயவுசெய்து நம்பாதீர்கள். நாக்குக் குறை என்றால் வீட்டின் 'ஸ'வும் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? மத்ரீதில் அது தெளிவாகவே இருக்கிறது.

சரி, இரண்டு ஒலி ஒன்றானால் குழப்பம் வராதா? வரும். வேகவைப்பதும் 'கொஸேர்', தைப்பதும் 'கொஸேர்'. அதனால் லத்தீன் அமெரிக்காவில் பலர் அடுப்படியில் 'கொஸினார்' என்ற சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். மொழி தன் சிக்கலைத் தானே அவிழ்த்துக்கொள்வதைப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

அப்புறம் இரட்டை எல். கோழிக்கறிக்கான சொல்லை அப்படித்தான் எழுதுவார்கள்; பெரும்பாலான ஊர்களில் அதை 'போயோ' என்பார்கள். பராகுவேயிலும் பொலிவியாவின் மலைப்பகுதிகளிலும் பழைய 'போல்யோ' இன்னும் உண்டு. புவனோஸ் அயர்ஸில் அது 'போஷோ'. அங்கே தெருவும் 'காயே' அல்ல, 'காஷே'.

எனக்கு மிகவும் பிடித்த எழுத்து எக்ஸ். ஸ்பானியர்கள் வருமுன் மெக்சிகோவில் ஆண்ட ஆஸ்டெக் மக்கள் தங்களை 'மெஷிகா' என்றார்கள். அந்த 'ஷ'வை எழுத அன்றைய ஸ்பானியர்கள் பயன்படுத்தியது எக்ஸ். பிறகு அவர்களுடைய 'ஷ' தொண்டைப் பக்கம் போய், நாட்டின் பெயர் 'மெஹிகோ' ஆனது. இந்த ஒலிக்கு இனி ஜே எழுதுங்கள் என்று ஸ்பானிய அகாதமி 1815இல் விதித்தது. மெக்சிகோ மக்கள் தங்கள் நாட்டின் பெயரில் எக்ஸை விடவில்லை. இன்று அங்கே ஹலாப்பா ஊருக்கும் எக்ஸ், ஸொச்சிமில்கோவுக்கும் எக்ஸ், டாக்ஸிக்கும் எக்ஸ். மெக்சிகோ நகரச் சுரங்க ரயிலில் ஒரு நிலையம் இருக்கிறது. பெயர்ப்பலகையில் முதல் எழுத்து எக்ஸ். மக்கள் சொல்வது 'ஷோலா'. அந்தப் பழைய 'ஷ' அப்படியே.

வணக்கம்.