ஒரே பூங்கா போதும்

நடுவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மதிய விருந்துக்குப் பிறகும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் அமெரிக்கத் தமிழ்ச் சங்க உறவுகளே, அனைவருக்கும் வணக்கம். ‘தாயோ தந்தையோ தம் குழந்தையோடு தனித்துச் செல்லும் நான்கு நாள் பயணத்தில் நிறைவு தருவது பல தேசியப் பூங்காக்களா, ஒரே பூங்காவா?’ என்பது இன்றைய தலைப்பு. ஒரே பூங்காதான் என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர் தம் திட்டத்தை அழகாக விரித்துரைத்தார். வியாழன் காலை லாஸ் வேகஸில் இறங்கி வாடகைக் கார் எடுப்பது, அன்றே யூட்டா மாநிலத்தின் ஸயான், வெள்ளியன்று பிரைஸ் கேன்யன், சனியன்று அரிசோனாவில் கிராண்ட் கேன்யனின் தென் விளிம்பு, ஞாயிறு மாலை விமானம் என்று அடுக்கிவிட்டு, “வந்ததே வந்தோம், மூன்றையும் பார்த்துவிட்டால் என்ன?” என்று கேட்டார். அரங்கமே கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்துவிட்டதால் இப்போது கணக்கைப் பார்ப்போம்.

லாஸ் வேகஸிலிருந்து ஸயானுக்கு ஏறத்தாழ 160 மைல். அங்கிருந்து பிரைஸுக்கு 85 மைல். பிரைஸிலிருந்து தென் விளிம்புக்குச் சுமார் 280 மைல். தென் விளிம்பிலிருந்து லாஸ் வேகஸுக்குத் திரும்ப இன்னும் ஒரு 280 மைல். ஆக மொத்தம் 800 மைல் வருகிறது. எங்கும் நிற்காமல் ஓட்டினாலே இதற்குப் பதினான்கு மணி நேரம் ஆகும். குழந்தையை வைத்துக்கொண்டு எங்கும் நிற்காமல் ஓட்ட முடியுமா என்ற கேள்வியை இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களிடமே விட்டுவிடுகிறேன். போதாக்குறைக்கு, லாஸ் வேகஸ் இருக்கும் நெவாடாவிலிருந்து யூட்டாவுக்குள் நுழைந்ததும் நேர மண்டலம் மாறி, கடிகாரத்தில் ஒரு மணி நேரம் காணாமல் போய்விடும். முதல் நாள் மாலையில் அந்த ஒரு மணி நேரம் சிறிய இழப்பன்று.

மைல்களைவிட முக்கியமான ஒன்றைத் தலைவர் தொடவே இல்லை. கணவனும் மனைவியும் சேர்ந்து போகும் பயணத்தில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர் பிள்ளையோடு பேசுவார், பழம் நறுக்கிக் கொடுப்பார், சன்னல் வழியே மலையைக் காட்டுவார். நம் தலைப்பிலோ பெரியவர் ஒரே ஒருவர்தான். ஓட்டுநரும் அவரே, துணையும் அவரே. அவர் கண் சாலையில் இருக்கும் வரை பின்னிருக்கையில் இருக்கும் பிள்ளைக்குத் தெரிவது அவருடைய பிடரி மட்டும்தான். வீட்டில் கிடைக்காத அப்பாவையோ அம்மாவையோ நான்கு நாள் முழுதாகப் பெறுவதற்காக வந்த பிள்ளையிடமிருந்து பதினான்கு மணி நேரத்தைப் பிடுங்கிச் சாலைக்குக் கொடுக்கும் திட்டத்தைத்தான் எதிரணி ‘நிறைவு’ என்கிறது.

இந்த இடத்தில் ஸயான் பூங்காவே எங்கள் அணிக்குச் சாட்சி சொல்கிறது. 1919இல் தேசியப் பூங்காவான அந்தப் பள்ளத்தாக்கில் வாகன நெரிசல் தாங்காமல், 2000ஆம் ஆண்டு முதல் இலவச ஷட்டில் பேருந்துகளை விட்டிருக்கிறார்கள். பேருந்து ஓடும் மாதங்களில் பள்ளத்தாக்கின் உட்சாலையில் பொதுவாகச் சொந்தக் கார்களுக்கு அனுமதி இல்லை. ஸ்பிரிங்டேல் என்ற வாசல் ஊரில் அறை எடுத்துக் காரை அங்கேயே விட்டுவிட்டால், ஊர்ப் பேருந்து பூங்காவின் நுழைவாயில் வரை கொண்டுவிடும். (பூங்காவுக்குள் வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்றால் விடியலிலேயே போக வேண்டும், நம் சங்க விழாவுக்கு வருவதுபோல் போனால் கிடைக்காது.) ஸ்டியரிங்கை விட்ட கை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்ளும், இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து ஒரே சன்னல் வழியே ஒரே பாறையைப் பார்க்கலாம்.

பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் தொடங்கும் ‘ரிவர்சைடு வாக்’ என்ற நடைபாதை போய்வர 2.2 மைல்தான். ஒருபுறம் வர்ஜின் ஆறு ஓட, மறுபுறம் செங்குத்தான பாறைச் சுவரில் நீர் கசிந்து, அந்த ஈரத்தைப் பற்றிக்கொண்டு பெரணிச் செடிகள் தொங்கும். மேலே பெய்த மழை மணற்பாறைக்குள் மெல்ல இறங்கி, அடியிலுள்ள இறுகிய பாறை அடுக்கைத் தாண்ட முடியாமல் பக்கவாட்டில் வெளியேறுவதுதான் அந்தக் கசிவு. பிள்ளையின் விரல் நுனியில் விழும் சொட்டு, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பெய்த மழையாகவும் இருக்கலாம். இதைச் சொன்னவுடன் எட்டு வயதுப் பிள்ளை கேட்கப்போகும் இருபது கேள்விகளுக்குப் பதில் சொல்ல, மாலைக்குள் பிரைஸ் போய்ச் சேர வேண்டியவருக்கு நேரம் ஏது?

பிள்ளைகளைக் குட்டிப் பூங்காக் காவலர்களாக்கும் ஜூனியர் ரேஞ்சர் திட்டத்தையும் இங்கே சொல்ல வேண்டும். பார்வையாளர் மையத்தில் பிள்ளைக்கு ஒரு செயல் நூலைக் கொடுப்பார்கள். பார்த்த விலங்கை வரைந்து, வயதுக்கேற்ற பக்கங்களை முடித்துக் கொண்டுபோனால், ரேஞ்சர் அதைப் புரட்டிப் பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, கையை உயர்த்தி உறுதிமொழி எடுக்கவைத்து, ஒரு பேட்ஜைக் குத்திவிடுவார். மூன்று பூங்காக்களில் மூன்று பேட்ஜ் கிடைக்குமே என்று எதிரணியினர் சொல்லக்கூடும். கிடைக்கும், ஆனால் ஓடும் காரில் அப்பாவைக் கேட்டுக் கேட்டு நிரப்பிய நூலுக்கும், ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து அணிலைப் பார்த்து வரைந்த நூலுக்கும் உள்ள வேறுபாடு ரேஞ்சர் கேட்கும் முதல் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

வானிலையையும் மறந்துவிடலாகாது. கோடையின் பிற்பகுதியில் திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தால், ஆற்றுக்குள் நடந்து செல்லும் ‘நேரோஸ்’ பாதையை மூடிவிடுவார்கள். சில காலங்களில் ஆற்று நீரில் நச்சுப் பாசி இருப்பதால், நீரில் தலையை நனைக்க வேண்டாம் என்ற அறிவிப்பும் உண்டு. ஒரே இடத்தில் தங்கியவர் அன்றைய திட்டத்தை மறுநாளுக்கு மாற்றிக்கொள்வார். மூன்று ஊர்களில் அறைக்குப் பணம் கட்டியவர் மூடிய பாதையைப் படம் எடுத்துக்கொண்டு காருக்குத் திரும்புவார்.

“இனி எப்போது வரப்போகிறோம்?” என்று எதிரணியில் ஒரு சகோதரி உருக்கமாகக் கேட்டார். ஊரிலிருந்து வந்திருக்கும் தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி அது. அவர்களுக்காக நானும் மூன்று பூங்காக்களுக்கு வண்டி ஓட்டத் தயார். இந்த நாட்டிலேயே வளரும் பிள்ளைக்குப் பிரைஸ் எங்கும் ஓடிவிடாது. அங்குள்ள ஒல்லியான பாறைத் தூண்களைப் பார்க்காமல் வருவது இழப்புதான், மறுக்கவில்லை. அவற்றுக்கு நடுவே இறங்கி நடக்காமல், விளிம்பில் நின்று இருபது நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டுத் தென் விளிம்புக்கு ஓடுவது அதைவிடப் பெரிய இழப்பு.

கடைசியாக, சிக்கனம் பேசிய நண்பருக்கு ஒரு செய்தி. ஸயானில் ஒரு காருக்கான நுழைவுக் கட்டணம் 35 டாலர். அந்தச் சீட்டு ஏழு நாள் செல்லும். ஏழு நாளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிற இடத்தை அரை நாளில் பார்த்து முடித்துவிடலாம் என்பவர்கள், அந்த அரை நாளில் பிள்ளைக்கு எதைக் காட்டுவார்கள், எதை விடுவார்கள் என்பதை மறுப்புரையில் விளக்கட்டும்; அதைக் கேட்ட பிறகே தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களை வேண்டி அமர்கிறேன்.